மூன்றாம் நாள் மாலை, நானூற்றுப் பத்து

வால்பி, 4 பிப்ரவரி 2002

அன்புள்ள தோரா அக்காவுக்கு,

இந்தக் குளிரில் உன் முட்டி என்ன பாடு படுத்துகிறது? போன வாரம் போன் செய்தேன். என் பெயரை நான்கு முறை கத்தியும் உன் காதில் ஏறவில்லை. மீன் எதுவும் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் பழையபடி கடிதம்தான்.

லிஸ் சுகம். நானும் சுகம் என்று எழுத இந்த முறை முடியவில்லை. பெருங்குடலில், வலது பக்கம், ஒரு கட்டி. விகோ அத்தானை உன்னிடமிருந்து கொண்டுபோன அதே வியாதி என்பதால் உனக்கு எழுதக் கை வரவில்லை. பத்து நாள் தள்ளிப்போட்டேன், திட்டாதே. ஆபரேஷன் 26ஆம் தேதி.

ஆனால் ஒரு வேடிக்கை கேள். ஆஸ்பத்திரியில் மெட்டே என்று ஒரு நர்ஸ் என் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தாள். எந்த நாள் எத்தனை மணி நேரம் கட்டிலைவிட்டு இறங்கி இருக்க வேண்டும், எத்தனை கிளாஸ் குடிக்க வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் எல்லாம் அச்சடித்திருக்கிறது. பக்கத்தில் கட்டம், செய்து முடித்து நானே குறி போட வேண்டுமாம். மூன்றாம் நாள் வீடு. முப்பத்தெட்டு வருஷம் ரயில் ஓட்டினவனிடம் கால அட்டவணையைக் கொடுத்திருக்கிறார்கள். லிஸ்ஸிடம் சொன்னேன், வண்டி தாமதமானால் டிரைவரைக் குறை சொல்லக் கூடாது என்று. அவள் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் அன்றே சாயங்காலம் குடிக்கக் கொடுப்பார்களாம். முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள் நீ. இது நடக்கிற காரியமா? உன் வார்த்தை வந்தால் எனக்குத் தைரியம்.

உன் தம்பி,
ஐனார்


நோரெவிக், 8 பிப்ரவரி

அன்புள்ள ஐனார்,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். லிஸ்ஸுக்கு என் அன்பைச் சொல். உன் பெண்டாட்டி சிரிக்காதது சரி. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் யாராக இருந்தாலும், வெட்டித் தைத்த குடலைக் கையில் தொட்டுப் பார்த்தவராக எனக்குத் தெரியவில்லை. குடல் தூங்கும், ஐனார். அதைத் தூங்க விட வேண்டும். என் வார்டில் வயிற்றில் சத்தம் கேட்டு, காற்றுப் பிரியும்வரை ஒரு சொட்டுக் கிடையாது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவோம், அவ்வளவுதான். மூக்கில் குழாய், கையில் ஊசிவழித் தண்ணீர், படுக்கை. கெஞ்சுவார்கள். கெஞ்சுவதற்கெல்லாம் இரங்கினால் நர்ஸ் வேலைக்கு வரக் கூடாது.

விகோவைப் பார்த்துக்கொள்ள நான் வேறு யாரையும் விடவில்லை என்பது உனக்குத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். குழாய் வழியாக வந்ததெல்லாம் அளந்து எழுதிய தாள் இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது. அதைப் பார்க்காமலே சொல்வேன். இரண்டாம் நாள் இருநூற்று ஐம்பது மில்லி. மூன்றாம் நாள் காலை நூற்றைம்பது. நன்றாகக் குறைந்துகொண்டு வந்தது, மறுநாள் குழாயை எடுத்து எழுப்பி உட்கார வைக்கலாம் என்று டாக்டர் ப்ரூன் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் மாலை பாட்டிலில் நானூற்றுப் பத்து, தண்ணீர் போல வெளுத்து. குடல் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் குழாயையும் படுக்கையையும் இன்னும் ஐந்து நாள் நீட்டினார். எட்டாம் நாள் காலையில் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் இப்படி ஆகிறது என்றால், அவசரப்பட்டால் என்ன ஆகும்?

எனக்கு எழுபத்தாறு வயதுதான். எண் ஒன்றும் நழுவவில்லை. என் பேச்சைக் கேள். அவர்கள் கொடுத்தாலும் ஒரு சொட்டும் குடிக்காதே.

கவலையோடு,
அக்கா


வால்பி, 24 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். அதில் விகோ அத்தானைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் மேலே படிக்க முடியாமல் வெளியே போய் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வந்தேன்.

நாளைக்கு அட்மிஷன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று ரொம்ப நாளாக இருக்கிறது. அத்தானைப் பற்றியது. இத்தனை வருஷம் சொல்லாதவன் இப்போது பயந்துபோய்ச் சொல்வது மாதிரி ஆகிவிடக் கூடாது. திரும்பி வந்தால் எழுதுகிறேன். வராவிட்டால் அதுவும் என்னோடு போகட்டும்.

உன் முட்டியைப் பார்த்துக்கொள். பனியில் தபால்பெட்டிவரை நடக்காதே, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடு.

அன்புடன்,
ஐனார்


வால்பி, 2 மார்ச்

அன்புள்ள அக்கா,

தேதியைப் பார். என் வீட்டுச் சமையலறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

உன்னை மீறிவிட்டேன், மன்னித்துவிடு. கண் விழித்து இரண்டு மணி நேரத்தில் மெட்டே ஆப்பிள் ஜூஸோடு வந்து நின்றாள். அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். "உங்க அக்கா எந்த வருஷத்து நர்ஸு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப நர்ஸா இருந்த எங்கம்மாவுக்கும் அதைத்தான் சொல்லிக்குடுத்தாங்க. தப்பு அவங்க மேல இல்ல. குடிங்க" என்றாள். குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் நாற்காலி. மறுநாள் ரை ரொட்டி, காபி, வராந்தாவில் கோடிவரை நடை. முதுகில் ஒரு மெல்லிய குழாய் வழியாக வலிமருந்து போய்க்கொண்டிருந்ததால் நடக்க முடிந்தது. இரண்டாம் நாள் காலை காற்றுப் பிரிந்ததும் பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். அவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவராம்.

எதற்கு இந்த அவசரம் என்று மெட்டேயிடம் கேட்டேன். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறிவிடும், குடல் வெறுமனே கிடந்தால் இன்னும் சோம்பிப் போகும், அதனால்தான் எழுப்பிவிடுகிறோம் என்றாள். கட்டங்கள் எல்லாவற்றிலும் குறி போட்டாகிவிட்டது.

கட்டியை முழுதும் எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை. சந்தோஷப்படு அக்கா.

உன் உயிரோடிருக்கும் தம்பி,
ஐனார்


வால்பி, 19 மார்ச்

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. உன் பதில் ஐந்தாம் நாள் வந்துவிடும், நாற்பது வருஷமாக அப்படித்தான். லிஸ் உன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்தாள். நீ நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாய், கடைக்குப் போகிறாய் என்றாள். அப்படியானால் என் மேல் கோபம். ஜூஸ் குடித்ததற்காகவா?

நான் சொன்னபடி எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது. உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் எழுதுகிறேன்.

ஐனார்


நோரெவிக், 3 ஏப்ரல்

அன்புள்ள ஐனார்,

நீ தேறி வந்தது எனக்கு எத்தனை நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. கோபம் ஒன்றுமில்லை. முட்டி கொஞ்சம் தேவலை. கடலோரம் பனி கரைந்துவிட்டது.

அந்தப் புத்தகத்தை எனக்கு அனுப்பு. நீ குறி போட்டதையே அனுப்பு. எழுப்பி உட்கார வைத்தது எத்தனையாவது மணி நேரம் என்பதையும் எழுது. மூக்கில் குழாய் வைக்கவே இல்லையா? உனக்கு மட்டும்தானா, எல்லோருக்கும் அப்படித்தானா?

அக்கா


வால்பி, 9 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

உன் வரி வந்தது, உயிர் வந்தது. புத்தகம் இதோடு வருகிறது. காபி சிந்தின பக்கம் இரண்டாம் நாள். எழுந்து உட்கார்ந்தது ஆறாவது மணி நேரம். குழாய் யாருக்கும் இல்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். அத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு அவரைப் பார்க்க நான் நோரெவிக்குக்கு வந்திருந்தேன், நினைவிருக்கிறதா? நீ டாக்டரோடு வார்டைச் சுற்றிவரப் போனாய். பதினைந்து நிமிஷம் நானும் அவரும் மட்டும். அவர் தண்ணீர் கேட்டார். நான் கொடுத்துவிட்டேன். கைகழுவும் தொட்டிக் குழாயிலிருந்து, அவர் பல் தேய்க்கிற கிளாஸில். ஒரு கிளாஸ் முழுக்க.

அஞ்சு நாளில் அவர் போய்விட்டார். இருபத்தைந்து வருஷமாக நான்தான் அவரைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. சாவு வீட்டில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் விறகு பிளக்கப் போனேன். அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு நான் வராமலிருக்க எத்தனை வண்டிகளைச் சாக்குச் சொன்னேன் தெரியுமா? எனக்கு எந்த டியூட்டியும் இருந்ததில்லை. லிஸ்ஸிடம்கூடச் சொன்னதில்லை.

மெட்டே அந்த ஜூஸை நீட்டியபோது உன் பேச்சைச் சொல்லித் தட்டப் பார்த்தது அதனால்தான். குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து வலி என்று நினைத்து மருந்தைக் கூட்டிவைத்தாள். தண்ணீர் யாரையும் கொல்லாது, அக்கா. அத்தானை நான் கொல்லவில்லை. இந்த வயதில் எனக்கு இது கிடைத்திருக்கிறது.

கட்டியை எடுத்ததைவிட இதுதான் பெரிய ஆபரேஷன்.

ஐனார்


நோரெவிக், 21 மே

அன்புள்ள ஐனார்,

ஆறு வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து எழுந்து போனது எத்தனை முறை என்று கணக்கில்லை.

உன் புத்தகத்தை விகோவின் தாளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்த நாளில் நான் அவர் உதட்டில் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தேன். நீ வராந்தா கோடிக்கு நடந்துபோன நாளில் அவர் ஜன்னல்வரை போய்ப் படகுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நான் போர்வையின் நுனியை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினேன். அந்த வேலையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. என் வார்டில் ஒரு நோயாளியும் கட்டிலிலிருந்து நழுவியதில்லை. நான் வெறுப்பில் செய்திருந்தால்கூடத் தேவலை. ஆசையோடு செய்தேன். ஒழுங்காகச் செய்தேன் என்ற ஒரே நினைப்பில்தான் இந்த வீட்டில் தனியாக இத்தனை வருஷம் இருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

அப்போது யாருக்கும் தெரியாது, உன்மேல் தப்பில்லை என்று எழுதாதே. உன் மெட்டே சொல்லிவிட்டாள். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் இரவில் உதவவில்லை.

நீ உன் பாரத்தை இறக்கி வைத்ததில் எனக்கு மனதாரச் சந்தோஷம். அதைத் திரும்பத் தூக்காதே. எனக்கு ஒன்று மட்டும் சொல். தண்ணீர் ஜில்லென்று இருந்ததா? முழுதும் குடித்தாரா? என்ன சொன்னார்? அது எந்த நேரம்? ஒன்றையும் விடாமல் எழுது.

அக்கா


வால்பி, 26 மே

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை லிஸ்ஸும் நானும் சேர்ந்து படித்தோம். அவள் ஜூலையில் உன்னை இங்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்கிறாள். ரயிலில் நானே வந்து கூட்டிவருகிறேன்.

நீ கேட்டபடி சொல்கிறேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நீ கதவைச் சாத்திவிட்டுப் போனதும் அத்தான் கண்ணைத் திறந்தார்.

"மாப்ள, போயிட்டாளா?"

போய்விட்டாள் என்றேன்.

"வாயெல்லாம் மரத்தூள் மாதிரி இருக்கு. அந்தக் கிளாஸ்ல பாதி குடு போதும்."

"அத்தான், தெரிஞ்சா அக்கா என்னைக் கொன்னுடும்."

"உன்னை மெதுவாத்தான் கொல்லுவா. எனக்கு உயிர் இப்பவே போயிட்டிருக்கு, எந்திரிடா."

மீன் ஏலத்தில் துறைமுகம் முழுக்கக் கேட்கிற குரல் அவருடையது. அன்றைக்கு நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. தொட்டிக் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டேன், நவம்பர் மாதம், பல் கூசுகிற குளிர்ச்சி. பாதி என்று கேட்டவர் முழுக் கிளாஸையும் குடித்தார். நடுவில் நிறுத்தவே இல்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். மூக்குக் குழாயோடு அவர் சிரித்தது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

"அவகிட்ட சொல்லாத. சொன்னா தாள்ல எழுதணும்னு நிப்பா. பாவம்டா, எழுதாம இருக்கத் தெரியாது அவளுக்கு" என்றார்.

கிளாஸைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். நீ வந்து அவர் தலையணையைச் சரிசெய்தாய். அவர் உன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நேரம் கேட்டாய். நாலு மணி இருக்கும், விளக்குப் போட்டிருந்தார்கள். நான் வந்து பார்த்தது ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். நேற்று இதுவரை எழுதிவிட்டு, நீ ஏன் நேரத்தைக் கேட்கிறாய் என்று நினைத்தேன். உன் கடிதங்களைத் தேதி வரிசையில் வைத்திருப்பவன் நான். பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மாலை நானூற்றுப் பத்து, தண்ணீர் போல வெளுத்து. அதனால் இன்னும் ஐந்து நாள் படுக்கை.

அக்கா, அது என் கிளாஸா? நான் கொடுத்த தண்ணீர்தான் குழாய் வழியாகப் பாட்டிலுக்கு வந்ததா? அதைப் பார்த்துத்தான் அவரை எழுப்பாமல் படுக்க வைத்தார்களா? லிஸ் இல்லை என்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தாளை எனக்கு அனுப்பு. உண்மையைச் சொல். நீ காகிதத்தில் பொய் எழுதினவள் இல்லை.

ஐனார்


நோரெவிக், 28 மே

அன்புத் தம்பி ஐனார்,

உன் கடிதம் காலையில் வந்தது. மதியத் தபாலில் இது போகிறது. முதலில் எழுந்து போய்ச் சாப்பிடு, அப்புறம் மேலே படி.

பிப்ரவரியில் நான் எழுதியது தப்பு. உன்னைப் பயமுறுத்துகிற அவசரத்தில் தாளைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை விகோவின் கட்டத்தில் நூற்றிருபதுதான் இருக்கிறது. அந்த நானூற்றுப் பத்து பக்கத்துக் கட்டிலில் இருந்த கூரை வேயும் ஆளுடையது. இரண்டு பேர் தாளும் ஒரே பலகையில்தான் மாட்டியிருந்தது. எழுபத்தாறு வயதாகிறது, ஐனார். எண்கள் நழுவுகின்றன.

நீ கொடுத்த ஒரு கிளாஸ் அவர் வயிற்றில்தான் தங்கியது. படுக்கையை நீட்டியது டாக்டர் ப்ரூனின் வழக்கம். எல்லோருக்கும் அவர் அப்படித்தான் செய்வார். கேள்வி கேட்காமல் செய்தவள் நான். உனக்கு அதில் பங்கு கிடையாது.

தாளை அனுப்ப முடியாது. வேலை முடிந்தது என்று அடுப்பில் போட்டுவிட்டேன். எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது என்று விகோ சொன்னாரே, அவருக்கு என்னைத் தெரியும். அதனால் நான் எழுதியிருப்பதை அப்படியே நம்பு.

அவர் கேட்டதை நீயாவது கொடுத்தாய். அவர் என் கையைக் கன்னத்தில் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. உதடு ஈரமாக இருந்தது. என் பஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா, சீக்கிரம் வராதே, வண்டி நேரத்துக்குத்தான் வரும். லிஸ்ஸுக்கு அன்பு. தாகம் எடுத்தால் குடி.

அக்கா தோரா